நீரில் பின்புறமே முன்புறம்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஊறிப்போனது, இதில் உட்காருங்கள். வீட்டைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்பது, நீங்கள் வாசலில் நின்று சுவரை விரலால் தட்டிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. சுவர் நல்ல சுவர். ஆனால் வீடு விற்பனைக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. என் மகன் பரணிதரன் உங்களை அனுப்பியிருப்பான். உங்களுக்கு முன்னும் சிலரை அனுப்பினான். அவர்களுக்கும் காபி கொடுத்து, காரணத்தைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன். நீங்களும் இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். காரணம் தெரியாமல் போகக்கூடாது.

கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தம்பி. வீடு எங்கும் ஓடிவிடாது. இந்த வீட்டில் ஓடக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டது.

என் பெயர் தையல்நாயகி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டுக்காரர் நீரேற்று நிலையத்தில் பம்பு இயக்கியவர். ஓய்வூதியத்தைச் சேர்த்துவைத்து இந்த வீட்டைக் கட்டினோம். நகரின் பெயர் தாமரை நகர். ஒரு காலத்தில் ஏரி. மனை வாங்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்று அக்கம்பக்கத்தார் இன்றைக்கும் புலம்புகிறார்கள். எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தப் பக்கம் மதகுத் தெரு. இது கலங்கல் தெரு. ஏரி நிரம்பினால் வழிந்தோடும் இடத்துக்குத்தான் கலங்கல் என்று பெயர். படித்தவர்கள் பெயர்ப்பலகையையும் படிக்க வேண்டும். நான் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். தண்ணீர் வரும் என்று தெரிந்து வாங்குவதற்கும், தெரியாமல் வாங்கிவிட்டு அழுவதற்கும் வேறுபாடு உண்டு.

முந்தைய ஆண்டு மழையில் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், என்னை வெளியே கொண்டுபோன விதம். படகு கிடைக்கவில்லை என்று கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த அண்டாவில் என்னை உட்காரவைத்து, தெருமுனை வரை இழுத்தார்கள். இழுத்தவள் என் பழைய மாணவி. மிதத்தல் விதியில் பூச்சியம் வாங்கியவள். அவள் என்னிடம் சொல்கிறாள், "டீச்சர், ஆடாம உக்காருங்க. மிதக்கும், நான் கேரண்டி." நான் அண்டாவுக்குள் இருந்தபடியே அவளுக்கு விதியைத் திருத்திச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்பது தெரியவில்லை.

அந்தச் செய்தி குன்னூருக்குப் போய்விட்டது. பரணிதரன் அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளர். மலை இறங்கி வந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அம்மா, இதோட போதும். வித்துட்டு மேல வந்துடுங்க" என்றான்.

"மேலே என்றால்?"

"எங்க வீட்டுக்கும்மா. ரூம் இருக்கு. அப்பாவுக்குத் தோட்டம் இருக்கு. தண்ணி வரணும்னா முதல்ல ஊட்டி ரயில் பிடிச்சுத்தான் வரணும்."

எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வேட்டியைப் பிழிந்தார். மௌனம் சம்மதம் என்பார்கள். என் கருத்துக்கு அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தானே எடுத்துக்கொள்ள முடியும்?

ஆகவே மகனிடம் ஒரு நிபந்தனை சொன்னேன். அடுத்த வெள்ளத்தில், பிறர் கை படாமல், எங்களுடைய சொந்த வாகனத்தில் நாங்கள் இந்த வீட்டை விட்டு வெளியேறிக் காட்டினால், வீட்டைப் பற்றி அவன் பேசக்கூடாது. முடியாமல் போனால், அவன் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அவன் சிரித்தான். "தண்ணிக்குள்ள எந்த வாகனம்மா போகும்?" என்றான். "போகிற வாகனம் போகும்" என்றேன்.

அவன் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் கேட்டார், "நாயகி, அப்படி ஒரு வண்டி எங்க இருக்கு?"

"நீங்கள் செய்யப்போகிறீர்கள்" என்றேன்.

பம்பு தெரிந்தவர். பம்பு என்பது தண்ணீரைத் தள்ளுவது. தண்ணீரைத் தள்ளத் தெரிந்தவருக்குத் தண்ணீரில் தன்னைத் தள்ளிக்கொள்ளத் தெரியாதா? நியூட்டனின் மூன்றாம் விதி. அவர், "மலைல வீடு கட்டினவன் படகு தேடமாட்டான்" என்றார். பழமொழி போலப் பேசினால் அது ஆதாரமாகிவிடாது என்று சொல்லி, காயலான் கடைக்கு அனுப்பிவைத்தேன்.

ஒரு பழைய டீசல் கார் கிடைத்தது. தகரமும் என்ஜினும் மட்டும் தேறின. பட்டறை வைத்திருக்கும் யாக்கூப் வெல்டிங் செய்ய வந்தார். நல்ல மனிதர், கை சுத்தம். ஆனால் எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார். தண்ணீர் புகாமல் இருக்க நான்கு கதவுகளையும் சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னேன்.

"கதவ அடைச்சிட்டா எப்படி ஏறுவீங்க டீச்சரம்மா?"

"கூரை வழியாக."

"எறங்குறது?"

"அதே வழி. ஏறத் தெரிந்தவர்களுக்கு இறங்கவும் தெரியும்."

கூரையில் சதுரமாக ஒரு திறப்பு வெட்டினார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முக்காலியில் ஏறி, பானெட்டில் கால் வைத்து, அங்கிருந்து கூரைக்குப் போய், திறப்பு வழியாக உள்ளே இறங்கிக் காட்டினேன். எதிர்வீட்டு மாடியில் கைதட்டினார்கள். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் மூன்று மூன்று நீல டிரம். சைலன்சர் குழாயைக் கூரைக்கு மேல் தூக்கி, மழை புகாமல் அதன் வாயில் ஒரு டால்டா டின். என்ஜினிலிருந்தே பெல்ட் போட்டு, பின்னால் ஒரு விசிறி. அதைத் திருப்ப ஒரு பலகை, பலகையை இழுக்கக் கயிறு. செலவைப் பற்றிக் கேட்காதீர்கள். ஓர் அண்டா விலைகூட ஆகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது மிகை. ஆனால் சிக்கனம்.

அடுத்துச் சோதனை. சோதனை செய்யாமல் எதையும் நிறுவ முடியாது. கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது? ஏரியில்தான் வீடுகள் நிற்கின்றன. கோயில் குளத்தைக் கேட்டோம். குருக்கள், "தெப்பத்துல சாமி மட்டுந்தான் டீச்சர் சுத்தலாம், டீசல் வண்டி சுத்தப்படாது" என்றுவிட்டார். கடைசியில் மதகுத் தெருவுக்குப் பின்னால், அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டி வழக்கில் நின்றுபோன ஒரு பெரும் பள்ளம் கிடைத்தது. ஊற்றுத் தண்ணீர், பச்சை நிறத்தில். மூன்று எருமைகள் முன்னமே உள்ளே இருந்தன.

எங்கள் வீட்டுக்காரர் வண்டியைச் சரிவில் இறக்கினார். மிதந்தது. தம்பி, மிதந்தது! நான் கரையில் நின்று ஆர்க்கிமிடீசின் விதியை வாய்விட்டுச் சொன்னேன். யாக்கூப் சிரிப்பதைக்கூட மறந்துவிட்டார். பிறகு எங்கள் வீட்டுக்காரர் விசிறியை முடுக்கினார். வண்டி பின்னால் போனது.

முன்னால் போகவேண்டிய வண்டி, பின்னால், எருமைகளை நோக்கிப் போனது. எருமைகள் எழுந்து வழிவிட்டன.

"விசிறியத் திருப்பி மாட்டிட்டேன் போலிருக்கு டீச்சரம்மா," என்றார் யாக்கூப். "அரை நாள் வேலை. கழட்டி மாத்திடுறேன்."

நான் வேண்டாம் என்றேன். அவசரப்பட்டு ஒரு வேலையைச் செய்வது, பிறகு அவசரப்பட்டு அதைக் கலைப்பது, இது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். முன்புறம், பின்புறம் என்பவையெல்லாம் பார்ப்பவர் உட்கார்ந்திருக்கும் திசையைப் பொறுத்தவை. வண்டியைத் திருத்தவேண்டியதில்லை, உட்காருகிறவரைத் திருப்பினால் போதும். ஆகவே பின்னிருக்கையைக் கழற்றி, பின்கண்ணாடியைப் பார்த்தபடி திருப்பிப் போட்டோம். நிலத்தில் ஓட்டும்போது முன்னிருக்கை; நீரில் இறங்கியதும் ஓட்டுநர் பின்னிருக்கைக்குப் போய், பின்கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்ட வேண்டும். அட்டையில் எழுதி உள்ளே ஒட்டினேன்: "நீரில் பின்புறமே முன்புறம்." நிலம், நீர் இரண்டிலும் இயங்கும் வாகனத்துக்கு இரண்டு முன்புறங்கள் இருப்பதில் என்ன தவறு?

"நாயகி, எனக்குக் கழுத்து சுத்துது," என்றார் அவர்.

"கழுத்தைத் திருப்பாதீர்கள். இருக்கையைத்தான் திருப்பியாயிற்றே" என்றேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. பின்னால் விசிறியின் எடை. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கத்தில் பாரம் வைக்க வேண்டும். மணல் மூட்டை வைக்கலாம் என்றேன். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "என் துணிப் பெட்டிய வைக்கட்டுமா?" என்றார்.

"மணல் போதுமே."

"மணல் நனைஞ்சா எடை கூடிடும், நாயகி."

சரியான விடை. அவரிடமிருந்து அப்படி ஒரு விடையை நான் எதிர்பார்க்கவில்லை. மனத்துக்குள் முழு மதிப்பெண் கொடுத்தேன். பெட்டியைக் கொண்டுவந்து முன்னிருக்கைக்குக் கீழே வைத்தார். என்ன வைத்திருக்கிறார் என்று திறந்து பார்த்தேன். பாரம் என்றால் எடை தெரியவேண்டுமல்லவா? வேட்டி, சட்டை, மருந்துகள். அடியில் இரண்டு கம்பளிச் சட்டைகள். ஒன்று அவருக்கு. இன்னொன்று என் அளவு, அரக்கு நிறம், புதிது. சென்னையில் கம்பளி எதற்கு என்றேன். "கம்பளி காத்தப் பிடிச்சு வச்சுக்கும். முழுகாது" என்றார். அதுவும் சரிதான். காது மூடும் குல்லா ஒன்றும் வாங்கியிருந்தார். படகு ஓட்டுகிறவர்களுக்குக் காதில் காற்றடிக்கும் என்றார். இவ்வளவு முன்யோசனை அவரிடம் இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் குடும்பம் நடத்தி எனக்குத் தெரியவில்லை.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

குடியிருப்போர் சங்கத்துக்கு பக்தவத்சலம் என்று ஒரு செயலாளர். எங்களுக்கு மூன்றாவது வீடு. வாகனம் வாசலில் நின்ற நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. "டீச்சர், இது காரா, படகா? கார்னா பார்க்கிங் ரூல் இருக்கு. படகுன்னா சங்கத்துல ரூலே இல்ல" என்றார்.

"மழைக்கு முன் கார். மழைக்குப் பின் படகு."

"மழை பேஞ்சுக்கிட்டு இருக்கும்போது?"

நல்ல கேள்வி. பொதுக்குழுவில் வைக்கச் சொன்னேன். அவர் தெருவெல்லாம் போய், "டீச்சர் வீட்ல பிரளயத்துக்கு டிக்கெட் குடுக்குறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசி நெருங்கியதும் ஒருநாள் மெதுவாக வந்து, தம் மனைவிக்கு மூட்டுவலி என்றும், இடம் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டார். கிடைக்கும் என்றேன். அரிசி மண்டித் தராசில் நிறுத்தி எடையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். "எம் பொண்டாட்டி எடைய மண்டிக்காரன் முன்னாடி சொல்லணுமா!" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். கோபம் நிறையைக் குறைக்காது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி.

இந்த ஆண்டு ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பே மழை பிடித்துக்கொண்டது. பூசையன்று காலை தெருமுனையில் கணுக்கால் தண்ணீர். பூசையை விட முடியுமா? வாகனத்தைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டோம். யாக்கூப் வந்து சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு போனார். சாவி, திருப்புளி, கயிறு, அவருடைய பழைய பம்புக் கருவிகள், என் புத்தகங்கள், நான் எழுதிய இயக்கக் கையேடு, எல்லாவற்றையும் மாடிப்படியருகே உயரமாக இருக்கும் பூசை மாடத்தில், சரசுவதி படத்துக்கு முன் அடுக்கித் தீபம் காட்டினோம்.

உங்கள் வீட்டிலும் வழக்கம் இதுதானே? பூசையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. கருவியை எடுக்கக்கூடாது, புத்தகத்தைத் திறக்கக்கூடாது. மறுநாள் விசயதசமியன்று நல்ல நேரத்தில் மறுபூசை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கருவிகளுக்கும் ஓர் ஓய்வு நாள். என் பணிக்காலம் முழுவதும், அன்று ஒரு பெண் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. தேர்வு மறுநாளாக இருந்தாலும் சரி.

பிற்பகல் மேலேயுள்ள ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. தெரு முழுவதும் கூச்சல். பக்தவத்சலம் இடுப்பளவு தண்ணீரில், தலையில் சங்கத்தின் முத்திரைப் பெட்டியோடு வந்து நின்றார்.

"டீச்சர்! வண்டிய எடுங்க! எடை சொல்லிடுறேன். எண்பத்தி நாலு!"

"வண்டி பூசையில் இருக்கிறது."

"பூசையில இருக்கறது மிதக்குது டீச்சர்! அங்க பாருங்க!"

பார்த்தேன். மாலையும் வாழைக்கன்றுமாக, ஒருவரும் தொடாமல், எங்கள் போர்ட்டிகோவில் வாகனம் தானே எழுந்து மிதந்துகொண்டிருந்தது. தூணில் கட்டியிருந்ததால் நின்றது. எலுமிச்சம்பழங்கள் தனியாக மிதந்து, அதைச் சுற்றி வந்தன. அவ்வளவு நேர்த்தியாக ஒரு செய்முறைத் தேர்வு நடந்து நான் பார்த்ததில்லை.

"நாயகி," என்றார் எங்கள் வீட்டுக்காரர், "சாவிய மட்டும் எடுத்துக்கட்டுமா? சாமி கோவிச்சுக்காது."

"சாமியைப் பற்றி நான் பேசவில்லை. ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறேன்."

மாலையில் மீனவர்களின் பைபர் படகு ஒன்று வந்தது. கடலோரத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பக்தவத்சலமும் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். ஒருவரும் எடை கேட்கவில்லை, அந்தப் படகு ஒரு பக்கம் சாய்ந்துதான் போனது. எங்களையும் கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். மகனிடம் சொன்ன நிபந்தனை என்ன? பிறர் கை படாமல். இந்தப் படகில் ஏறினால் அந்த நிமிடமே வீடு போய்விடும். திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலை எடுத்துப் படகுக்குள் வைத்துவிட்டிருந்தார்.

"அந்தக் காலை எடுங்கள்" என்றேன்.

எடுத்தார்.

பக்தவத்சலம் படகிலிருந்து கத்திக்கொண்டே போனார். "சாமி தெப்பம் ஏறிடுச்சு, பூசாரி படித்துறையிலயே நிக்கிறாரு!" அவருக்குச் சமயோசிதம் உண்டு. பண்புதான் இல்லை.

அன்றிரவு மாடியில் இருந்தோம். விடிந்ததும் பஞ்சாங்கம் பார்த்து, இராகு காலமும் எமகண்டமும் கழிந்து, நல்ல நேரத்தில் மறுபூசை. மாடிப்படியில் நின்றபடிதான், கூடத்தில் தொடையளவு தண்ணீர். சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் நீந்துவது போலப் போய், கூரை வழியாக இறங்கினார். குல்லா போட்டுக்கொண்டிருந்தார். என்ஜின் முதல் முறையிலேயே பிடித்தது. அது யாக்கூப்பின் கைத்திறன். உரிமையுள்ளவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும்.

நான் ஆரத்தித் தட்டோடு படியில் நின்றேன். புது வாகனம் முதன்முதலாகப் புறப்படுகிறது. ஆரத்தி எடுக்காமல் அனுப்பலாமா? அவர் கூரையிலிருந்து தலையை நீட்டி, "நாயகி, ஆரத்தி இருக்கட்டும். நீ ஏறு. போயிடலாம்" என்றார்.

"மூன்று சுற்று முடியட்டும்."

"ஏறு நாயகி. அப்புறம் முடியாது."

"எது முடியாது? முதலில் நீங்கள் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சோதனை ஓட்டம். வலப்பக்கம் திரும்பி, மதகுத் தெரு வழியாக வந்து என்னை ஏற்றிக்கொள்ளுங்கள். கையேட்டில் இருக்கிறது."

அவர் என்னையே பார்த்தார். குனிந்து தூணிலிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

அங்கேதான் விதிமீறல். நீரில் ஓட்டுநர் பின்னிருக்கையில், பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார வேண்டும் அல்லவா? வண்டி வீட்டைப் பார்த்து நின்றது. பின்புறம் தெருவாசலைப் பார்த்து. அவர் முன்னிருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டார். போகிற திசையைப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டும் வரை, தெருவில் இறங்கும் வரை, என்னைப் பார்த்தபடியே போனார். ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "திரும்பி உட்காருங்கள்! திரும்பி உட்காருங்கள்!" என்று நான் கத்தினேன். இரைச்சலில் கேட்டிருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டினார். "வா" என்பது போலவும் இருந்தது, "போகிறேன்" என்பது போலவும் இருந்தது. சைகையில் தெளிவு போதாது. ஆனாலும் பாருங்கள், திசையே பார்க்காமல் வாசல் தூணில் உரசாமல் போனார். நீரில் பிரேக் கிடையாது. அதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய வெற்றிதான்.

வலப்பக்கம் திரும்பச் சொன்னேன். இடப்பக்கம் திரும்பினார்.

இடப்பக்கம் போனால் நெடுஞ்சாலை. விசிறி திசைமாற்றி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். பொரியும் சுண்டலும் நிறைய இருந்தன. மூன்று நாள் மாடியில் இருந்தேன். இரண்டு முறை படகு வந்தது. "சொந்த வாகனம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. அலைபேசிக்கு உயிர் வந்தது. பரணிதரன்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? ராத்திரி பகலா கூப்பிடறோம்மா. அப்பா இங்க வந்துட்டாரு."

"வாகனம்?"

"அதுவும்தான்மா."

தம்பி, நினைத்துப் பாருங்கள்! நெடுஞ்சாலையில் சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறது. நிலத்தில் அதற்கு முன்புறம் முன்புறம்தான், திருப்பிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். வழியில் காவலர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். மாலை, வாழைக்கன்று, சந்தனம், நீல டிரம், கூரையில் டால்டா டின், குல்லா போட்ட பெரியவர். ஏதோ கோயில் வாகனம் என்று விட்டுவிட்டார்களாம். சேலத்துக்கு அருகில் ஒரு கூட்டம் தேங்காய் உடைத்து விபூதி கேட்டதாம். கொடுத்திருக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வண்டி ஏறியிருக்கிறது. இப்போது கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலைக் கொட்டகையில் நிற்கிறது. பேரப்பிள்ளைகள் கூரை வழியாக ஏறி இறங்கி விளையாடுகிறார்களாம்.

நான் மகனிடம் சொன்னேன்: நிபந்தனை நிறைவேறிவிட்டது. சொந்த வாகனம், பிறர் கை படவில்லை, வீட்டிலிருந்து வெளியேறியாயிற்று. நான் வெளியேறவில்லை என்பது ஒரு சிறு குறை. அவன், "அம்மா, அப்பாகிட்ட பேசறீங்களா?" என்றான்.

தினமும் பேசுகிறோம். மூன்று மாதமாகிறது. "குளிர் நல்லாருக்கு நாயகி. காலைல பனி எறங்குது" என்பார். என்ஜினில் பனி இறங்காமல் சாக்குப் போட்டு மூடச் சொல்வேன். "தோட்டத்துல கேரட் போட்டிருக்கேன்" என்பார். பெல்ட்டைக் கழற்றி வைத்தாரா என்று கேட்பேன். மலைச் சோதனை செய்துகொண்டிருக்கிறார். நிலத்தில் ஆயிற்று, நீரில் ஆயிற்று. உயரத்தில் எப்படி இயங்குகிறது என்று பார்க்காமல் திரும்புவது முறையல்லவே. பெட்டியிலிருந்த என் கம்பளிச் சட்டையை எடுத்து உதறி வைத்திருப்பதாகச் சொன்னார். பூச்சி அரிக்காமல் இருக்க அதுதான் வழி. அடுத்த மழைக்குள் வந்துவிடுவார். ஆகவே வீடு விற்பனைக்கு இல்லை. இதைப் போய் என் மகனிடம் சொல்லுங்கள்.

என்ன?

மகன் அனுப்பவில்லையா? பிறகு யார்?

பெயரைச் சொல்லுங்கள். எனக்கு வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை, நீங்கள் சொல்லலாம். முதலெழுத்தோடு சொல்லுங்கள்.

ஆமாம். முதலெழுத்தும் சரிதான்.

எங்கே பார்த்தீர்கள்? கொட்டகையிலா. உங்கள் வேலையாக மலைக்குப் போனபோதா. நல்லது. வண்டி எப்படி இருக்கிறது என்று சொன்னாரா? வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?

பின்னே, என்ன சொன்னார்? சொல்லுங்கள் தம்பி, தயங்காதீர்கள். சொல்லச் சொன்னதைச் சொல்வதில் தவறில்லை.

அன்றைக்குத் தெருமுனையிலா?

நிறுத்திவைத்திருந்தாரா? என்ஜினை அணைக்காமலா?

எண்ணெய் பாதி தீரும் வரை. சரி. எனக்காக என்றா சொன்னார்? அதே சொல்லா?

இங்கிருந்து தெருமுனை தெரியாது. நீங்களே போய்ப் பாருங்கள், அந்த வளைவு மறைக்கும். ஆனால் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. நகராத என்ஜின் ஏன் இப்படி இரைகிறது, பெல்ட் நழுவியிருக்கும் என்று நான் இந்தப் படியில் நின்று காரணம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அது தூரமாகப் போய்த் தேய்ந்துவிட்டது.

தெருவில் தண்ணீர் இடுப்பளவுதான். நான் நடந்தே போயிருக்கலாம்.

குடித்துவிட்டீர்களா? டம்ளரை அங்கேயே வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். எழுந்திருங்கள். மாடியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் இந்தக் கூடத்துக்கு வாருங்கள், அலமாரிக்குப் பின்னால், தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைக் காட்டிவிடுகிறேன். மறைத்து விற்பது எனக்குப் பழக்கமில்லை.